அக்ரீயபிள் கிரேயா, அக்சசிபிள் பேஜா? குழப்பமாக இருக்கிறது

கேள்வி:
ஹால் சுவருக்கு ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்டில் இந்த இரண்டு ஷேடில் வந்து நிற்கிறேன். இரண்டுமே சாம்பலும் பேஜும் (வெளிர் மணல் நிறம்) கலந்த நிறம்தான். அட்டையைத் தனித்தனியாகப் பார்த்தால் எது எதுவென்றே தெரியவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேஜ் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது. சன்னல் வடக்கே பார்த்தது, நேர் வெயில் வராது. தரை தேன் நிற மரம். எதை எடுக்கலாம்?

பதில் 1:
வடக்கு வெளிச்சம் என்றால் என் ஓட்டு பேஜுக்குத்தான். அந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும், சாம்பலை இன்னும் குளிர்ச்சியாகக் காட்டி அறையையே மந்தமாக்கிவிடும். எது வெளிச்சமாக இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதைச் சொல்லும் எல்ஆர்வி எண் கிரேக்கு 60, பேஜுக்கு 58, அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் சாயலில்தான்.

பதில் 2:
வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் தரையை விட்டுவிட்டீர்களே! தேன் நிற மரத்தில் பட்டு எழும் ஒளி சுவரின் கீழ்ப்பாதியை மஞ்சளாக்கும், அதற்கு மேல் பேஜையும் அடித்தால் அறை முழுக்க ஒரே மஞ்சள் பூத்த மாதிரி ஆகிவிடும். நான் கிரே பக்கம்.

பதில் 3:
இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், அதனால் பார்த்தே முடிவெடுங்கள். சுவரில் நேரடியாகத் தீட்டாதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் இருந்தால் கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டை இரண்டு வாங்கி, ஓரத்தில் வெள்ளை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஷேடை இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தில் தெரியும் நிறம் நிற்காது. அப்புறம் தரையை ஒட்டி நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட்டால் வெளிச்சம் வேறு மாதிரி விழும். சன்னலுக்கு எதிர்ச்சுவர், சன்னல் இருக்கும் சுவர், மூலை என்று மாற்றி மாற்றிக் காலையிலும் சாயங்காலமும் பாருங்கள். ராத்திரி எந்த பல்ப் போடுகிறீர்கள்? 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் என்றால் பேஜ் இன்னும் மஞ்சளாகும், 4000 என்றால் அந்தத் தொல்லை குறைவு.

கேள்வி கேட்டவர்:
பல்ப் 2700தான், பெரும்பாலும் ராத்திரிதான் அந்த அறையில் உட்காருவோம். அப்படியென்றால் கிரே பக்கம் சாய்கிறேன். இருந்தாலும் அட்டையில் அடித்துப் பார்க்காமல் டப்பா வாங்கப் போவதில்லை. மூவருக்கும் நன்றி.