உழைக்கும் பெண்களின் போராட்டங்களை ஊர்க் கலைவிழாவில் எப்படி மதிப்பது?

இரணைமடுக்காரி (கேள்வி)

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் மார்ச் 8ஆம் திகதி எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் மகளிர் தின விழா நடைபெறுகிறது. மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், அதிகாரிகளின் உரைகள், சமையற் போட்டி, பொன்னாடை போர்த்தல் என்று காலை முழுவதும் கழிந்துவிடும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும், வயலில் களை பிடுங்கும் பெண்களும், கோயில் திருவிழாக்களில் கச்சான் வறுத்து விற்கும் அம்மாக்களும் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். அன்றைய கூலியை இழக்க முடியாத பலர் வருவதேயில்லை.

இந்தத் தினம் 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செட்கின் முன்வைத்த யோசனையிலிருந்து தோன்றியது. 1917இல் ரஷ்யாவின் பெத்ரோகிராட் நகரின் நெசவாலைப் பெண்கள் பாண் கேட்டு வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கியது மார்ச் 8ஆம் நாளில்தான். அப்படிப்பட்ட ஒரு தினத்தில், கூலிக்காகவும் காணிக்காகவும் நுண்கடன் கொடுமைக்கு எதிராகவும் குரல் எழுப்பிய எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்படாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

வரும் விழாவை அவர்களுக்கே உரியதாக மாற்ற விரும்புகிறேன். எந்தக் கலைவடிவங்கள் பொருந்தும்? யாரை மேடைக்கு அழைப்பது? காணிப் போராட்டமும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டமும் அரசியல் என்றும், அவற்றைத் தொழிலாளர் விடயத்துடன் கலக்கக் கூடாது என்றும் சங்கத்தின் மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அது சரியா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

முல்லை ஆசிரியர்

பிள்ளை, நல்ல விடயத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முதலில், வெளியிலிருந்து நடனக் குழு எதையும் அழைக்க வேண்டாம். வன்னியில் உழைப்பும் பாட்டும் பிரிந்திருந்ததில்லை. அருவி வெட்டும்போதும், அதாவது நெல் அறுக்கும்போதும், நெல் குத்தும்போதும் பாடிய பாட்டுகள் இருந்தன. அறுவடை இயந்திரம் வயலுக்குள் வந்த பின்னர் பெண்களின் கூலியோடு அந்தப் பாட்டுகளும் வெளியேறிவிட்டன. அவற்றை அறிந்த அம்மாக்கள் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள். விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே இளம் பெண்களை அவர்களுடன் மாலை வேளைகளில் அமரச் செய்யுங்கள். பாட்டைக் கேட்கும்போதே அந்தக் காலத்தில் கூலி எவ்வளவு, நெல்லாகக் கிடைத்ததா காசாகக் கிடைத்ததா, ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் என்பதை யாராவது எதிர்த்துக் கேட்டார்களா என்ற கதையும் தானாக வெளிவரும். மேடைக்கு வேண்டியது அந்தக் கதைதான்.

அரியாத்தையின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யானை பிடிப்பது பணிக்கர் ஆண்களின் தொழிலாக இருந்த காலத்தில் யானையைப் பிடித்துக் கட்டிய பெண்ணை வன்னி மக்கள் மறக்கவில்லை. அவள் பேரில் ஒப்பாரியே பாடி வைத்தார்கள். தொழிலில் ஆணுக்குச் சமமாக நின்ற பெண்ணை ஊரே பாடிய மரபு நம்மிடம் இருக்கும்போது, வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. கோவலன் கூத்தில் கண்ணகி பாண்டியன் முன் நின்று வழக்குரைக்கும் கட்டமும் மிகப் பொருத்தமானது. கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடி வந்தார்கள். இம்முறை பெண்களே ஆடட்டும். ஆனால் அது வற்றாப்பளை அம்மனோடு இணைந்த கூத்து என்பதால், பாடல்களை மாற்றாமல், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் முறையாகக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1958, 1977, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களால் விரட்டப்பட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியாக் குடியேற்றங்களில் நிறைந்திருக்கின்றன. வன்னியின் வயற்கூலிப் பெண்களில் பெரும் பகுதியினர் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான முதல் தொழிற்சங்கத்தை அமைத்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே பாடி மக்களைத் திரட்டியவர்.  அந்தப் பெண்மணியின் பெயர் வன்னியின் மகளிர் தின மேடை எதிலும் ஒலித்ததாக நான் கேட்டதில்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் கும்மியையும் கோலாட்டத்தையும் உங்கள் விழாவில் முதலாவதாக வையுங்கள். இவ்வளவு காலமும் அவர்களைக் கடைசியில் வைத்தது போதும்.

வவுனியா வாசகி

நியூயோர்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றி, பூட்டிய கதவுகளுக்குள் சிக்கி 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் குடியேறிகளான இளம் பெண்கள். 2004ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் முன் நடைபாதையில் பெயரையும் வயதையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். மழை அழித்துவிடும், அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுவார்கள். மேடையும் வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். நம் ஊரில் போராடிய பெண்களின் வாசலில் அவர்களின் பெயரைச் சேர்த்துக் கோலமிடலாம் அல்லவா?

தையல் மேசை

வவுனியா அக்கா, நீங்கள் சொல்வது இறந்தவர்களுக்குப் பொருந்தும். இன்றும் வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் வரிசையில் மேலதிக நேர வேலையை மறுத்த பெண்ணின் பெயரை வாசலில் எழுதினால், மறுநாள் மேற்பார்வையாளருக்கும் அது தெரியும், ஊரில் வம்பு பேசுபவர்களுக்கும் தெரியும். மதிப்புச் செய்வதாக நினைத்து அவளுடைய வேலைக்கு ஆபத்தைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் சொல்லாமலே எங்கள் கதையைச் சொல்ல முடியும். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு முழுவதையும் வெட்டும் வழக்கத்தையும், மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று இலக்கை உயர்த்திக்கொண்டே போவதையும், கழிப்பறைக்குப் போகும் நிமிடங்களை எண்ணுவதையும் எதிர்த்துப் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்ட கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றைச் சிறு நாடகமாக நாங்களே ஆடுவோம். எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். பார்க்கும் பெண்களுக்குத் தெரியும். சம்பளச் சிட்டை ஒன்றைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டு, தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 ரூபாயிலிருந்து 27,000 ரூபாயாக உயர்ந்தபோது தங்கள் சிட்டையில் என்ன மாறியது, எந்தக் கொடுப்பனவு குறைந்தது என்று பெண்களே சொல்லும்படி ஒரு காட்சி வைக்க எனக்கு மிகுந்த விருப்பம்.

எழுத விரும்புபவர்களுக்கும் இடம் கொடுங்கள். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய சில ஆண்டுகளில், 1984இல், அங்கே ‘தபிந்து’ என்ற பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதில் தொழிலாளப் பெண்களே கவிதையும் கதையும் எழுதினார்கள். கிளிநொச்சியில் எங்களுடைய எழுத்தை ஒரு கையெழுத்துப் பிரதியாகவாவது தொகுத்தால், அது எனக்குப் பத்துப் பொன்னாடைகளைவிடப் பெரிது.

நேரத்தையும் கவனியுங்கள், அக்கா. வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு விழா வைத்தால் எங்களில் ஒருவர்கூட வர முடியாது. ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில், பின்னேரம் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடியுங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை ஒழுங்கு செய்யுங்கள். படம் எடுப்பதானால் மேடையில் நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும்; கேட்காமல் எடுத்து முகநூலில் போடுபவர்களால்தான் பலர் மேடைக்கு வரவே அஞ்சுகிறார்கள்.

நாச்சிக்குடாக் கரை

மூத்தவர்கள் எழுப்பிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1992இல் இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்து முழங்காவிலில், இரணைமாதா நகரில் இருந்த மக்கள், தங்கள் தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாள் 2017 மே 1, தொழிலாளர் தினம். முன்னணியில் நின்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் ஏன் நின்றார்கள்? அந்தத் தீவின் கரைக்கடலில்தான் அவர்களுடைய தொழில் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தும் தீர்வு கிடைக்காதபோது, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளில் ஏறித் தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். இதைக் காணிப் போராட்டம் என்பதா, தொழிற் போராட்டம் என்பதா? கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி இறுதியிலிருந்து ஒரு மாதம் விமானப்படை முகாமின் முன்னால் தெருவோரத்தில் படுத்துறங்கிய பெண்களும் கேட்டது வீட்டையும் தோட்டத்தையும் கிணற்றையும்தான். உழைக்க நிலமில்லாதவளுக்கு வேறு எந்தத் தொழில் உரிமையைப் பற்றிப் பேசுவது? ஆகவே மூத்தவர்களின் கருத்தை நான் ஏற்கவில்லை.

நுண்கடனும் அப்படித்தான். 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடன்களை நீக்கக் கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது கேட்டவை, வன்னிப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தவையே. அதை ஊரில் சொல்லுங்கள். கடன் தன்னுடைய குற்றம் என்று நினைத்து வெட்கத்தோடு வாழும் பெண்ணுக்கு அது மிகவும் தேவை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் விடயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். கிளிநொச்சியில் அந்தத் தாய்மாரின் தொடர் போராட்டம் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கியது. முல்லைத்தீவில் தொடங்கியதே மார்ச் 8இல்தான். பிள்ளைகளைத் தேடும் தங்களுக்கு மகளிர் தினம் கொண்டாட்டம் அல்ல என்று சொல்லி அதே நாளில் அவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அவர்களை உங்கள் மேடைக்கு அழைப்பதற்கு முன், அவர்கள் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போய் நில்லுங்கள். விழா நேரம் அவர்களுடைய நேரத்தோடு மோதக் கூடாது. அவர்கள் வர விரும்பினால் என்ன சொல்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். வர விரும்பாவிட்டால் அவர்களைப் பாத்திரமாக்கி எந்த நாடகமும் போடாதீர்கள்.

இரணைமடுக்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன கும்மியையும் தங்கை சொன்ன நாடகத்தையும் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தேன். நீண்ட விவாதத்தின் பின் ஏற்றுக்கொண்டார்கள். 2026 மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமையாக அமைவதால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குவோம். காலையில் விருப்பமுள்ளவர்கள் தாய்மாருடன் போய் நிற்பதாகவும் முடிவு செய்தோம். பொன்னாடை இல்லை. அதிகாரிகள் வரலாம், ஆனால் முன்வரிசை அவர்களுக்காக ஒதுக்கப்படாது. இதற்கு மட்டும் தலைவி இன்னமும் இணங்கவில்லை. நாளை மறுபடியும் பேசுவேன். கோலத்தைப் பெயரில்லாமல் போடலாம் என்று நினைக்கிறோம்: ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுப் பெண் செய்யும் தொழிலின் உரு, அவள் விரும்பினால் மட்டும்.

ஐயா, அருவி வெட்டுப் பாட்டுகளை முழுமையாக அறிந்த அம்மாக்கள் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் இருந்தால் தயவுசெய்து எனக்குத் தனியாக அறியத்தாருங்கள். இங்கே எங்களுக்குக் கிடைத்த அம்மாவுக்கு இரண்டு பாட்டுகளின் முதலடிகள் மட்டுமே நினைவில் இருக்கின்றன.