ஹெட்டுக்குள் முறிந்து நிற்கும் மேனிபோல்டு ஸ்டட்டை எடுக்க வழி உண்டா?

கேள்வி:
ஆறு சக்கர லாரி, 2003 மாடல், டர்போ இன்ஜின். சொந்தமாக ஒரே வண்டி, ஓட்டுவதும் நானே. இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' சத்தம், சூடானதும் அடங்கிவிடும். டேப்பட் (வால்வு இடைவெளி) என்று நினைத்து இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தேன், காசுதான் போனது. போன வாரம் தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவையே இல்லை, கரும்புகை வேறு. கேபினைத் தூக்கிப் பார்த்தால் ஆறாவது சிலிண்டர் பக்கம் ஹெட்டெல்லாம் (இன்ஜினின் மேல் பாகம்) கரி. எக்ஸாஸ்ட் மேனிபோல்டை (புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்களில் (மரை போட்ட கம்பி) கடைசி ஸ்டட் முறிந்திருக்கிறது, பக்கத்து ஸ்டட்டில் நட் சும்மா சுற்றுகிறது. ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். அது இல்லாமல் முடியுமா அண்ணே?

பதில்:
தம்பி, அவசரப்படாதீர்கள். சத்தமும் இழுவைக் குறைவும் அந்த இடத்தில் புகை கசிவதால்தான். மேனிபோல்டை மட்டும் கழற்றுங்கள். முறிந்த துண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், பேட்டரி கேபிளை எடுத்துவிட்டு, அதன் மேல் ஒரு நட்டை வைத்து ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்புங்கள். அந்தச் சூட்டில்தான் துரு விடும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். நட் பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொன்று. நான் ஒரு ஸ்டட்டுக்கு ஐந்து நட் செலவழித்திருக்கிறேன். ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளை போட்டுத் திருகி எடுக்கும் கருவி) பக்கம் மட்டும் போகாதீர்கள். அது உள்ளே முறிந்தால் அதில் டிரில் ஏறாது, அப்புறம் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.
சுற்றும் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? சுற்றினால் ஹெட்டில் மரை போய்விட்டது, ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடுங்கள். நட் மட்டும் சுற்றினால் ஸ்டட்டை மாற்றினால் போதும்.

இன்னொரு பதில்:
லேத்காரன் சொல்கிறேன். சூட்டில் மேனிபோல்டு நீளும்போது ஓரம்தான் அதிகம் நகரும், அதனால்தான் பெரும்பாலும் கடைசி ஸ்டட் முறிகிறது. மேனிபோல்டின் முகம் கோணியிருக்கிறதா என்று நேரான பட்டை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்காமல் புது கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போட்டால் ஆறே மாதம்தான். நட்டுகளை டைட் வைப்பதை நடுவிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேட்டவர்:
மூன்றாவது நட்டில் வந்துவிட்டது அண்ணே! மற்றதில் ஸ்டட்டும் சேர்ந்தே சுற்றியது, ஹெலிகாயில் போட்டாயிற்று. மேனிபோல்டில் ஃபீலர் தாராளமாக நுழைந்தது, ஃபேஸிங் அடித்து (முகத்தைச் சமமாகச் சீவி) ஸ்டட் எல்லாம் புதிதாக மாட்டினேன். ஒரு லோடு போய்வந்து, ஆறிய பிறகு டைட் பார்த்தேன். இரண்டு நட் கால் சுற்று ஏறியது. நாளைக்கு ஓசூர் லோடு, தொப்பூரில் தெரிந்துவிடும்.