எதிரணிப் பையனுக்கே சொல்லிக் கொடுக்கிறார்களே, ஆர்க்டிக் குளிர்காலப் போட்டிகளில் இது வழக்கமா?

பனித்துளி கேட்டது:
ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டி வீடியோ ஒன்று பார்த்தேன். உயரத்தில் ஒரு சின்னப் பந்து தொங்குகிறது, ஒரு பையன் இரண்டு காலையும் சேர்த்து எகிறி அதை உதைக்க வேண்டும், இரண்டு முறை தவறிவிட்டது. கடைசி வாய்ப்புக்கு முன்னால் அவனோடு மோதுகிற வேறு அணிக்காரன் பக்கத்தில் போய், எங்கிருந்து எகிற வேண்டும் என்று தரையில் இடத்தைக் காட்டுகிறான்! இப்படிச் செய்தால் அவனே தோற்றுவிட மாட்டானா?

வடக்குவாசல்:
வழக்கம்தான். அது ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் விளையாட்டு. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு, பந்தைத் தொட்டால் மட்டும் போதாது, இரண்டு காலும் சேர்ந்தே தரையில் இறங்கவும் வேண்டும். அங்கே எதிராளி அந்த உயரம்தான், பக்கத்தில் நிற்கிறவன் இல்லை. கடும் குளிரில் வேட்டையாடிப் பிழைத்தவர்களுக்குக் கூட இருப்பவனும் பலமாக இருந்தால்தான் ஊருக்கே சோறு, அந்தப் பழக்கம் விளையாட்டிலும் ஒட்டிக்கொண்டது என்பேன்.

சறுக்குப்பலகை:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1967இல் கியூபெக் நகரில் நடந்த கனடா குளிர்காலப் போட்டிகளில் வடபகுதி அணிகள் சோபிக்கவில்லை. தெற்கத்திக்காரர்களுக்கு இருந்த பயிற்சி வசதி இவர்களுக்கு ஏது? அப்புறம்தான் நமக்கென்று ஒரு களம் வேண்டும் என்று அமெரிக்காவின் அலாஸ்கா, கனடாவின் யூகான், வடமேற்குப் பிரதேசங்கள் மூன்றும் சேர்ந்து 1970இல் கனடாவின் யெல்லோநைஃப் நகரில் முதல் ஆர்க்டிக் குளிர்காலப் போட்டியை நடத்தின. இப்போது கிரீன்லாந்து, கனடாவின் நூனவுட், வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் என்று வட்டம் பெரிதாகிவிட்டது. நேர்மைக்கும் அணி உணர்வுக்கும் ஹாட்சன் கோப்பை என்று தனியாகவே ஒன்று தருகிறார்கள்.

மலைக்காற்று:
எல்லாம் சரி, ஆனால் நட்பு நட்பு என்றே பேசி அந்தப் பிள்ளைகளின் திறமையை மறந்துவிடாதீர்கள். அலாஸ்கன் ஹை கிக் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் எதிர்ப்பக்கத்துப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஊன்றி எழும்பி, மிச்சமிருக்கிற காலால் தலைக்கு மேல் தொங்குகிற பந்தை உதைத்துவிட்டு அதே காலில் தள்ளாடாமல் இறங்க வேண்டும். வயிற்றிலும் தோளிலும் எவ்வளவு வலு வேண்டும்! ஜெயித்தால் கிடைப்பது ஊலு வடிவப் பதக்கம். ஊலு என்பது அங்கே பெண்கள் இறைச்சி நறுக்கவும் தோல் சீவவும் வைத்திருக்கும் பிறைவடிவக் கத்தி. தங்க ஊலு வாங்கிய பிள்ளையை ஊரே கொண்டாட வேண்டும், கோப்பைக்குச் சற்றும் குறையாமல்.

பனித்துளி:
இரண்டு பேருக்கும் நன்றி, மலைக்காற்றுக்கும்தான். அந்த வீடியோவில் மூன்றாவது முறை கால் பட்டுவிட்டது. முதலில் கையை உயர்த்திக் கத்தியது, இடம் காட்டிய பையன்தான்.