ஏலத்தில் எடுத்த மோட்டார் பழுது: பணம் திரும்ப வழி?

இடம் மன்னார்குடி. ஆன்லைன் ஏலத்தில் எடுத்த பழைய 5 ஹெச்பி த்ரீ பேஸ் நீர்மூழ்கி மோட்டார், 18,500 ரூபாய். விளம்பரத்தில் ‘நன்றாக ஓடும் நிலை’ என்றிருந்தது. லாரியில் வந்து 12 நாள். ஸ்டார்ட்டர் போட்டதுமே ட்ரிப். கேபிளைக் கழற்றிவிட்டு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தாலும் வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே பூஜ்யம்தான். ஆக ஜாயின்ட் கோளாறு இல்லை, காயிலிலேயே எர்த் (மின்சாரம் பாடிக்குக் கசிகிறது). இன்னும் பிரிக்கவில்லை, பிரித்தால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள்.

விற்ற வியாபாரி ‘உள்ளது உள்ளபடி’ நிபந்தனையைக் காட்டுகிறார். ஏலத் தளம் புகாரை மூடிவிட்டது. யுபிஐயில் கட்டிய பணம், வங்கியும் கைவிரித்துவிட்டது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தும் சமரசம் ஆகவில்லை. விளம்பர ஸ்கிரீன்ஷாட், மெக்கர் வீடியோ, லாரி ரசீது உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருவாரூர் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், அது தெரியும்.

அந்த மனுவில் வியாபாரியோடு ஏலத் தளத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்தால் நிற்குமா?