ஓவர்லாக்கில் கீழ் லூப்பர் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, உதவி வேண்டும்

ஏற்காட்டுத் தையல்:
வணக்கம். ஏற்காட்டில் வீட்டிலேயே நைட்டி, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். 2 ஊசி, 2 லூப்பர் (ஊசி நூலோடு சேர்த்து நூலைப் பின்னும் கொக்கி) உள்ள 4 நூல் ஓவர்லாக் மெஷின், துணி ஓரத்தை வெட்டிப் பின்னுவது, வீட்டு உபயோக மாடல். இப்போது ஓட்ட ஆரம்பித்து இரண்டு விரற்கடை போவதற்குள் கீழ் லூப்பர் நூல் பட்டென்று அறுந்துவிடுகிறது. அதற்கு மட்டும் மறுபடி நூல் கோர்த்து ஓட்டினால் திரும்பவும் அதேதான். அந்த நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் டயலை 4-லிருந்து 2 வரை இறக்கிவிட்டேன், கோனையும் மாற்றிவிட்டேன். காட்டனிலும் அறுகிறது, பனியன் துணியிலும் அறுகிறது. சேலத்தில் காட்ட வேண்டுமென்றால் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

அஸ்தம்பட்டிக்காரர்:
டென்ஷனை 0-வில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் அறுந்தால் லூப்பரில் கீறல் விழுந்திருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

அம்மாபேட்டை டெய்லர்:
அக்கா, லூப்பரை மாற்ற அவசரப்பட வேண்டாம். டென்ஷனையும் இதற்கு மேல் தொடாதீர்கள். "அதற்கு மட்டும் மறுபடி நூல் கோர்த்து" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஊசி இறங்கி ஏறும்போது ஊசி நூல் அடியில் ஒரு சின்ன வளையமாக விரியும். கீழ் லூப்பர் இடது பக்கத்திலிருந்து வந்து அந்த வளையத்துக்குள் நுழையும். மேல் லூப்பர் அந்தக் கீழ் நூலை வாங்கிக்கொண்டு துணி ஓரத்தைச் சுற்றி மேலே போகும். அங்கே ஊசி குத்தி அதை நிறுத்தும். ஊசியில் நூல் இருக்கும்போதே கீழ் லூப்பரைக் கோர்த்தால், அடியில் கிடக்கும் ஊசி நூலின் மேல் லூப்பர் நூல் விழுந்துவிடும். ஓட்டியதும் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை கோன் மாற்றினாலும் நூல் அறுந்துதான் தீரும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வையுங்கள், அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூல் உள்ளே உட்காரும். நான்கு நூலையும் உருவிவிட்டு மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள் என்று கோருங்கள். வீட்டு மெஷின் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வரிசை. மூடியைத் திறந்தால் உள்ளே கலர் படம் இருக்கும், அதையும் பாருங்கள். பின்னால் நூலைத் தாங்கும் கம்பியை முழு உயரத்துக்கு இழுத்துவிட்டிருக்க வேண்டும். எல்லா நூலையும் ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கம் விட்டு, சக்கரத்தைக் கையாலேயே சில சுற்று சுற்றுங்கள். சங்கிலி பின்னினால் பிளக்கைப் போடலாம்.

இனிமேல் கீழ் லூப்பர் நூல் அறுந்தால் ஊசி நூல்களையும் உருவிவிட்டு, லூப்பரைக் கோர்த்த பிறகு கடைசியாக ஊசியைக் கோருங்கள். கலர் மாற்றுவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலை முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். ஊசிக் காதுக்கு முன்னால் மட்டும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும்.

ஏற்காட்டுத் தையல்:
அண்ணா, ரொம்ப நன்றி. சொன்ன வரிசையில் கோர்த்தேன், ஒரு நைட்டி முழுக்க அறாமல் ஓடிவிட்டது! ஆனால் கீழ் லூப்பர் நூல் துணியின் மேல்பக்கம் ஏறி வந்து தெரிகிறது. பனியன் துணியில் ஓரம் அலை அலையாக நிற்கிறது.

அம்மாபேட்டை டெய்லர்:
நல்லது அக்கா. நூல் மேலே ஏறுவதற்குக் காரணம் நீங்கள் இறக்கி வைத்த டயல். அதை 4-க்கே கொண்டுபோய், ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பாருங்கள். நான்கு நூலையும் நான்கு கலரில் போட்டால் எது தளர்வு, எது இறுக்கம் என்று துணியே காட்டிவிடும். இரண்டு லூப்பர் நூலும் துணியின் ஓரத்தில் சரியாகச் சந்திக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டயலை மட்டும், அதுவும் அரை எண் அளவுக்குத் திருப்புங்கள்.

அலைக்கு டிஃபரன்ஷியல் டயலைப் பாருங்கள், அடியில் துணியைத் தள்ளும் முன்பல், பின்பல் வேகத்தை மாற்றுவது அது. காட்டனுக்கு 1, பனியன் துணிக்கு 1.5 வைத்துத் தொடங்கலாம். கையால் துணியை இழுக்காதீர்கள். பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் முனை உருண்டையான ஊசி போடுங்கள். சாதா ஊசி இழையைக் குத்தி அறுக்கும்.

கோரிமேடு அக்கா:
மலை மேல் இருப்பதால் எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்குக்கூடத் தேங்காய் எண்ணெய் விடாதேம்மா. 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைய ஆரம்பிக்கும், ஏற்காட்டுக் குளிரில் கேட்கவே வேண்டாம். உறைந்த எண்ணெயும் துணிப் பஞ்சும் சேர்ந்தால் லூப்பர் தண்டு பசை வைத்ததுபோல் இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும், கையேட்டில் காட்டிய இடங்களில் ஒவ்வொரு சொட்டு விடு. விட்ட பிறகு கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் தைக்கும் துணியில் கறை படாது.

வெட்டிய துணியின் பிசிறெல்லாம் கத்திக்கும் துணியைத் தள்ளும் பல்லுக்கும் இடையில்தான் சேரும். பிரஷ்ஷால் வெளியே தள்ளி எடு, வாயால் ஊதாதே. ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரமும் இரும்பில் படும். மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத் துணி உறை போட்டு மூடு; பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

ஏற்காட்டுத் தையல்:
சரிங்க அக்கா, குறித்துக்கொண்டேன். டயல் 4-க்கு வந்ததும் இரண்டு நூலும் ஓரத்தில் சரியாகச் சந்திக்கின்றன. கடைசியாக ஒன்று: ஒரு இடத்தில் மட்டும் கத்தி துணியை வெட்டாமல் மெல்லுகிறது. சாணை பிடிக்கலாமா?

அம்மாபேட்டை டெய்லர்:
குண்டூசி மேல் ஓட்டியிருந்தால் கத்தியின் விளிம்பில் பல் விழுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பல் தெரிந்தால் சாணைக்குப் போக வேண்டாம், கோணம் மாறிவிடும். உங்கள் மாடல் பெயரைச் சொல்லிப் புதுக் கத்தி வாங்குங்கள். கத்தியைக் கழற்றி மாட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. கீழ்க்கத்தியின் விளிம்பு ஊசித் தட்டுக்குச் சமமாக இருக்கும்படி வைத்து முடுக்குங்கள். குண்டூசிக்குப் பதிலாக கிளிப் போடுங்கள்.