பதினொன்றாம் வகுப்புப் பெண், ஹீமோகுளோபின் 8.6: சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?

பெரும்பாக்கம் டியூஷன் அக்கா:

வணக்கம். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சாயங்காலம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரை பதினான்கு பேர், எல்லாரும் பெண் பிள்ளைகள். அதில் பதினொன்றாவது படிக்கும் ஒருத்தியைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன்.

மூன்று வாரம் முன்பு கணக்கு போட்டுக்கொண்டிருந்தவள் எதையோ நறநறவென்று மென்றாள். கையை விரிக்கச் சொன்னேன். பச்சரிசி. யூனிஃபார்ம் கோட் பாக்கெட்டில் இன்னும் ஒரு கை இருந்தது. "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்க்கா" என்று சின்னப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். ஈறு வெளுத்துப்போய் இருந்தது. எங்கள் வீடு நான்காவது மாடி. ஏறி வந்தால் பத்து நிமிடம் சுவரில் சாய்ந்துதான் உட்காருவாள், நான் அதைச் சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

முகாமில் ரத்தம் பார்த்ததில் 8.6 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான்கு நாள் போட்டாள், குமட்டியது. மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டாள். மீதி அட்டையை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸுக்கு அடியில் மடித்து வைத்திருந்ததை நான்தான் பார்த்தேன். வீட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் சாப்பாட்டை ஒரு வாரம் கேட்டு எழுதினேன். காலையில் டீ, இரண்டு பொறை. மதியம் புளிசாதம் அல்லது எலுமிச்சை சாதம், சில நாள் டப்பாவே கிடையாது. சாயங்காலம் ஐந்து ரூபாய் சிப்ஸ். ராத்திரி சோறு, ரசம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கினால் அவளுக்கு இரண்டு துண்டு வரும்.

அவள் அம்மாவைத் தயவுசெய்து யாரும் குறை சொல்லாதீர்கள். விடிவதற்கு முன் முதல் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூர் போய் நான்கு வீட்டில் வேலை பார்க்கிறார். அரசு இங்கே கொண்டுவந்து குடிவைப்பதற்கு முன்னால் அந்த வீடுகளுக்கு நடந்தே போனவர். இப்போது திரும்பி வர மணி நான்காகிறது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் கூலியாவது மிஞ்சுகிறது. ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் 25 ரூபாய், துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. நான்கு பேருக்கு அந்தப் பருப்பு பதினைந்தாம் தேதிக்கு மேல் வராது. சோற்றுக்குக் குறையில்லை, கூட வைத்துச் சாப்பிடத்தான் எதுவும் இல்லை.

மாத்திரையை எப்படிச் சாப்பிட வைப்பது? கையில் இருக்கும் காசில் என்ன வாங்கித் தரலாம்? அம்மாவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற செவிலியர்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்மா. அரிசி, மண், சாம்பல், பலப்பம் என்று தின்னத் தோன்றுவது இரும்புச்சத்து குறைந்தால் வருவது. அதற்காக அந்தப் பிள்ளையைத் திட்டக்கூடாது. சத்து ஏற ஏற அந்த ஆசை தானாக விட்டுப்போகும். முப்பது வருடத்தில் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 8.6 என்பது அதற்குக் கொஞ்சம்தான் மேலே. சாப்பாட்டை மட்டும் வைத்து இதை ஏற்ற முடியாது, மாத்திரை கட்டாயம். பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, அதனால் ரத்தம் ஊறும் என்று இருக்கிற காசை அதில் போட்டுவிடாதீர்கள்.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பிள்ளைகள் நிறுத்தமாட்டார்கள். குமட்டினால் வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரி சோறு சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு படுத்துவிடட்டும். டீயோடும் பாலோடும் கூடவே கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைத் தண்ணீர், நெல்லிக்காய், கொய்யா நல்லது, இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். எத்தனை மாத்திரை என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சொல்லட்டும். மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால் திரும்பக் கூட்டிப்போங்கள். பூச்சி மாத்திரை போட்டாளா என்று கேளுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

16 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு முட்டையில் சுமார் ஒரு மில்லிகிராம்தான் இருக்கும். முட்டை புரதத்துக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்துக்கு என்றால் ஆட்டு ரத்தம், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல். பிள்ளை பெற்றவளுக்குப் பெரியவர்கள் சுவரொட்டியைத் தேடி வாங்கிச் சுட்டுக் கொடுத்தது சும்மா இல்லை. சுவரொட்டிக்கு விலை அதிகம் என்றால் கோழி ஈரல் போதும், கறியைவிட மலிவு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 54. உங்கள் பதினான்கு பேரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சத்துணவு அமைப்பாளர், வட சென்னை:

டீச்சர், அந்தப் பிள்ளை போன வருடம் வரை எங்களை மாதிரி ஒரு சமையல் கூடத்தில்தான் சாப்பிட்டிருக்கும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதிய உணவு பத்தோடு முடிகிறது. பதினொன்றாவது போனால் அதே பள்ளி, அதே மணி, ஆனால் தட்டு கிடையாது.

ஒவ்வொரு ஜூனிலும் இது நடக்கிறது. பத்து வருடம் சாப்பிட்ட பிள்ளைகள், முதல் நாள் பழக்கத்தில் டிபன் பாக்ஸ் மூடியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். மிளகு முட்டை வாசனை வரும். "உங்களுக்கு இல்லைடா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. முட்டை தலைக்கு ஒன்று எண்ணித்தான் வருகிறது. சாதம் மிஞ்சினால் கொடுப்பேன். ஆனால் பெரிய பெண்கள் இரண்டாம் நாளே வரமாட்டார்கள், வெட்கம். பையன்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

வாரத்துக்கு ஐந்து முட்டை ஒரேயடியாக நின்றுபோனது அவள் உடம்புக்குத் தெரியாமலா இருக்கும்? பன்னிரண்டு வரைக்கும் நீட்டுங்கள் என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். நீங்களும் மனு எழுதுங்கள்.

கண்ணகி நகர் பொண்ணு:

அக்கா, நானும் இப்படி வளர்ந்தவள்தான். சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரம் இருந்து எங்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன்.

நான் வயசுக்கு வந்தபோது பதினாறு நாள் என்னை உட்கார வைத்து ஊட்டினார்கள். காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய். உளுத்தங்களியில் நடுவே குழி பறித்து அதிலும் எண்ணெய். கருப்பட்டி, எள்ளுருண்டை. அத்தைகள் ஆளுக்கு ஒரு தூக்கு கொண்டுவந்தார்கள். அப்புறம் மண்டபம், பேனர், தாய்மாமன் சீர். அந்தக் கடனை இரண்டு வருடம் கட்டினோம். பதினேழாம் நாளில் இருந்து நான் பழைய சோறு. தம்பிக்குத்தான் முட்டை, "அவன் வளர்ற பையன்." நானும் வளர்ந்துகொண்டுதான் இருந்தேன்.

கோபமாகச் சொல்லவில்லை. உளுந்தும் எள்ளும் முட்டையும் பெண்ணின் இடுப்புக்கும் எலும்புக்கும் வேண்டும் என்பது நம் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் "ரத்தசோகை" என்று ஆரம்பிக்காதீர்கள், டாக்டர் பேச்சு மாதிரி பயமுறுத்தும். "அன்னைக்குக் களி கிண்டிக் கொடுத்தீங்களே, அது மாதிரி வாரம் ரெண்டு நாள் கிண்டலாமா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. மதியம் டப்பா எடுக்காமல் போவதற்குச் சோறு இல்லாதது மட்டும் காரணமா என்று பாருங்கள். நான் பள்ளியில் கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்கமாட்டேன், சாப்பிட்டால் தண்ணீர் தவிக்கும் என்று சாப்பிடவும் மாட்டேன்.

பெரும்பாக்கம் டியூஷன் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கண்ணகி நகர் தங்கச்சி சொன்னபடி களியில் இருந்துதான் ஆரம்பித்தேன். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மிஞ்சுற இட்லியெல்லாம் அந்த வீட்டுல கொடுக்கறாங்க, அதை அங்கேயே நின்னு தின்னுட்டு வந்துடறேன், இங்க இது ஒண்ணுமில்லாம கெடந்திருக்கா" என்று அழுதார். அவருக்கும் அதே மயக்கம் இருக்கிறதாம். கையை விரித்துக் காட்டினார், உள்ளங்கை வெள்ளைக் காகிதம் மாதிரி. இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிப்போனேன். அம்மாவுக்கு 9.1.

மாத்திரை இப்போது ராத்திரி எட்டரைக்கு. டியூஷன் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு, அம்மாவும் மகளும் சேர்ந்து போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கேட்கிறார். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன் செவிலியரம்மா. ஒன்பது நாள் போகிறது. டாக்டரிடம் சொன்னோம், அதற்குத் தனியாக மருந்து எழுதியிருக்கிறார்.

டியூஷனில் தினமும் சுண்டல் போடுகிறேன். முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துவிடுவேன். கொண்டைக்கடலை, தட்டப்பயறு, பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றி. இறக்கியதும் எலுமிச்சை பிழிகிறேன். வெள்ளிக்கிழமை வேர்க்கடலையும் வெல்லமும். மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் தாங்களாகவே பயறு வாங்கிக் கொடுத்தார்கள். என் வீட்டில் டீ போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

ஒன்பது நாள் என்றால் அங்கேதான் ஓட்டை. நல்லவேளை கேட்டீர்கள். இப்போது எவ்வளவு இருக்கிறது?

பெரும்பாக்கம் டியூஷன் அக்கா:

நேற்றுப் பார்த்தோம், 9.8. படி ஏறி வந்து நேராக நோட்டை எடுத்து உட்காருகிறாள். கோட் பாக்கெட்டைத் தானாகவே திருப்பிக் காட்டினாள், நான்கைந்து அரிசிதான் இருந்தது. மற்றவர்களுக்கும் இந்தச் சனிக்கிழமை ரத்தம் பார்க்கப் போகிறோம். பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று அடம்பிடிப்பது ஏழாவது படிக்கும் ஒரே ஒருத்தி. நேற்று அவள் வாயிலும் அரிசி இருந்தது.