நேயர் பணத்தில் ஓடும் வானொலி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் நகரத்தில் நேயர்களின் சந்தாவில் ஓடும் சமுதாய வானொலி ஒன்று இருக்கிறது. முதல் மூன்று வருடம் ஒரு காசு கொடுக்காமல்தான் கேட்டேன். நிதி திரட்டும் வாரத்தில் தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும் என்று ஒருநாள் அறிவித்தார்கள். பணம்தான் தரவில்லை, நேரமாவது தருவோம் என்று போனேன்.

மாடியில் மூன்றே அறைகள். ஒன்றில் மைக்கும், ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் பலகையும். அடுத்ததில் கூரை வரைக்கும் இசைத்தட்டுகள். மூன்றாவதில் நீளமான மேசை, அதன் மேல் ஆறு தொலைபேசிகள். ஒலிபரப்பில் கேட்டுவிடக் கூடாது என்பதால் மணி அடிக்காது, சின்ன விளக்கு மின்னும். விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அழைப்பவர்கள் பெயரையும் தொகையையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படி வைத்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் ஏதோ ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு அம்மா, பக்கவாதம் வந்து பேச்சு போன தன் கணவரைப் பற்றிச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் பழைய ஒலிப்பதிவுகள் போடும் ஒரு மணி நேரத்தில் மட்டும் அவருடைய விரல் போர்வை மேல் தாளம் போடுமாம். "அந்த நேரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்லுங்கள், அதை நான் தருகிறேன்" என்று கேட்டார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் அம்மா என்றேன்.

இரவு பத்து மணிக்கு மேல் இன்னொருவர் அழைத்தார். "தம்பி, எனக்கு வேலை போய்விட்டது. இந்த வருடம் பணம் தர முடியாது. ஆனால் கேட்கிறேன். கேட்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்." என் முன்னால் இருந்த படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் போய்க் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், பக்கத்தில் "கேட்கிறார்" என்ற ஒரே சொல். பல வருடக் கையெழுத்துகள் இருந்தன. நானும் ஒரு வரி எழுதினேன்.

அன்று வீட்டுக்குப் போகும்முன் என் முதல் சந்தாவைக் கட்டினேன். சந்தா கட்டியவனுக்கென்று தனியாக ஒரு பாட்டுகூட வராது. நான் கொடுப்பதில் அந்த வேலை போனவரும் கேட்கிறார். வேறு எதற்குப் பணம் கொடுத்தும் எனக்கு இப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

உங்களுக்கு இப்படிப்பட்ட நிலையத்தோடு பழக்கம் உண்டா? எழுதுங்கள்.

* * *

நோட்டு விஷயம் மனதைத் தொட்டது. அந்த அம்மா கேட்ட கணக்கு நேயர் வானொலி பிறந்த நாளிலேயே வந்த கேள்விதான். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1949 ஏப்ரலில் கேபிஎஃப்ஏ நிலையத்தைத் தொடங்கியவர் லூயிஸ் ஹில். போரை எதிர்த்தவர். விளம்பரம் இல்லாமல், கேட்பவர்களின் சந்தாவிலேயே ஒரு நிலையம் ஓட வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்றைக்குப் பண்பலை வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களே குறைவு. அடுத்த வருடமே பணம் தீர்ந்து நிலையம் மௌனமானது. நேயர்கள் கூடிப் பணம் திரட்டி, 1951இல் திரும்பக் காற்றில் ஏற்றினார்கள். கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டினால் போதும் என்பது ஹில்லின் கணக்கு. மீதி 98 பேரை அவர் குறை சொல்லவில்லை. அவர்களும் கேட்கத்தானே நிலையம்!

பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் தங்கள் கூலியிலிருந்து பணம் ஒதுக்கித் தங்களுக்கென்று வானொலிகள் நடத்தினார்கள். இராணுவம் அந்த நிலையங்களைத் தாக்கிய வருடங்களும் உண்டு.

விளம்பரத்தில் ஓடும் நிலையத்துக்கு எத்தனை காதுகள் என்பதுதான் கணக்கு. ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் பேர் உயிராகக் கேட்டாலும் அங்கே அது நிற்காது. நேயர் வானொலியில் அந்தக் கொஞ்சம் பேரே அதைக் காப்பாற்றிவிட முடியும். என் வாழ்க்கையில் சிற்றிதழ்க் கதை வாசிப்பு என்ற ஒன்றை நான் கேட்டதே இப்படிப்பட்ட ஒரு நிலையத்தில்தான், ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு.

* * *

நான் வேறு ஊரிலிருந்து இந்த நகரத்துக்கு வேலைக்கு வந்தவன். வந்த புதிதில் இங்குள்ள மொழி எனக்குப் பாதிதான் புரியும். இரண்டாம் வருடம் பெரும்புயல். மின்சாரம் போனது, மறுநாள் கைபேசிக் கோபுரமும் போனது. ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றுதான்.

பெரிய நிலையங்களில் அறிவிப்பு வந்தது, ஆனால் வேகமாக, ஒரே மொழியில். முள்ளைத் திருப்பிக்கொண்டே போனபோது எங்கள் மொழி கேட்டது! தட்டுத் தடுமாறிப் படித்தது ஒரு பெண் குரல். எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் தங்கலாம், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை மொழி மாறும். எங்கள் முறை வரும்வரை மற்ற நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைப்போம். அந்தப் பெண் நிலைய ஊழியர் இல்லை, பக்கத்துத் தெருவில் தையல் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. ஜெனரேட்டருக்கு எரிபொருளை நேயர்களே கேன்களில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.

ஜப்பானின் கோபே நகரில் 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதேதான் நடந்திருக்கிறது. அங்கே வாழ்ந்த கொரியர்களுக்காக ஒன்று, வியட்நாமியர் முதலானவர்களுக்காக இன்னொன்று என்று சிறு வானொலிகள் தொடங்கி, இரண்டும் இணைந்து எஃப்எம் ஒய்ஒய் ஆனது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1996 ஜனவரி 17 அன்று, உரிமம் பெற்ற நிலையமாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அதைப் படித்தபோது அந்தத் தையல்காரர் குரல்தான் என் காதில் கேட்டது.

* * *

எல்லாம் சரி, நானும் ஆதரிப்பவன்தான். ஆனால் என் அனுபவத்தில் கசப்பும் உண்டு. எங்கள் நிலையத்தில் சில நிகழ்ச்சி நேரங்கள் இருபது வருடமாக ஒரே ஆட்களின் கையில் இருந்தன. புதிதாகப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு அதிகாலை மூன்று மணிதான் கிடைத்தது. கேட்டால், "நாங்கள் இரத்தம் சிந்தி வளர்த்த நிலையம்" என்பார்கள். உண்மைதான், வளர்த்தார்கள். ஆனாலும் இளைஞர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சந்தாவும் குறைந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினேன், கை நடுங்கியது. சந்தாதாரர் என்பதால் எனக்கு வாக்கு இருந்தது, அதனால்தான் பேச முடிந்தது. நிகழ்ச்சி நேரங்களை வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற தீர்மானம் சொற்ப வாக்கில் நிறைவேறியது. இரண்டு மூத்தவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அது வருத்தம்தான். தனியார் நிலையத்தில் இந்தக் குறை இருந்திருந்தால் நான் வேறு அலைவரிசைக்குத் திருப்பியிருப்பேன், அவ்வளவுதான்.

* * *

நான் நிகழ்ச்சி செய்பவள். மூன்றாவது வாரமே ஒரு தவறு செய்தேன். பாட்டை ஓடவிட்டு ஃபேடரை ஏற்ற மறந்துவிட்டேன். என் ஹெட்ஃபோனில் பாட்டு கேட்கிறது, வெளியே எதுவுமே இல்லை. அந்தத் தொழிலில் மிகவும் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான். விளக்குகள் மின்னத் தொடங்கின. திட்டுத்தான் விழப்போகிறது என்று எடுத்தால், "அம்மா, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? தனியாகத்தானே இருக்கிறாய்?" என்று ஒரு பெரியவர். அடுத்த அழைப்பிலும் அதே கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்து, "நான் நலம், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன்.

பணம் எங்கே போகிறது என்று சிலர் கேட்பதால் சொல்கிறேன். அலைபரப்பிக்கு மின்சாரம், கோபுர வாடகை, உரிமக் கட்டணம், பாடல்களுக்கான உரிமைத்தொகை, இணைய ஒலிபரப்புச் செலவு, அப்புறம் பழுதுபார்ப்பு. எங்களில் சம்பளம் வாங்குபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆஸ்திரேலியாவில் நிதி திரட்டும் வாரத்தை 'ரேடியோத்தான்' (Radiothon) என்ற பெயரில் அழைப்பார்கள். மெல்பர்னில் 1976 முதல் ஒலிக்கும் 3சிஆர் நிலையம் வருடா வருடம் அதை நம்பித்தான் நடக்கிறது. அந்த வாரத்தில் மைக் முன்னால் பணம் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கூச்சப்பட்டு ஒரு வருடம் நான் அடக்கமாகக் கேட்டபோது என் நேரத்துக்கு வந்த தொகை பாதியானது. இப்போது வாய் திறந்து கேட்கிறேன்.

* * *

(முதலில் எழுதியவன் நான்தான்.) அந்த நோட்டை என்ன செய்வார்கள் என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

நிதி வாரத்தின் கடைசி இரவில் சேர்ந்த தொகையை அறிவிப்பார்கள். எல்லாத் தொலைபேசியும் ஓய்ந்திருக்கும், தன்னார்வலர்கள் எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்போம். தொகையைச் சொன்னதும் அக்கா நோட்டைத் திறந்து, அந்த வருடம் எத்தனை வரி என்று எண்ணியதையும் வாசிப்பார். பெயர் சொல்ல மாட்டார். "இவர்களும் நம்மோடு" என்று மட்டும் சொல்வார். பிறகு மைக் திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும், பாட்டு போகும். தொலைபேசிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பெட்டியில் வைப்போம்.